பெய்ஜிங் – குவாங்சோ – ஹாங்காங் அதிவேக ரயில்: புதிதாகப் போகிறவர்கள் சொதப்பும் இடங்கள்

ஏப்ரல், அக்டோபர் வந்தால் கான்டன் கண்காட்சி என்ற பெரிய வர்த்தகக் கண்காட்சிக்கு என்று நம்மூர் வியாபாரிகள் குவாங்சோவில் குவிந்துவிடுவார்கள். சரக்கு பேசி முடிந்ததும் மீதி நாட்களில் ரயிலேறிவிடுகிறார்கள். சிலர் வடக்கே வூஹான், பெய்ஜிங் பக்கம் போவார்கள், பெரும்பாலோர் தெற்கே ஷென்சென், ஹாங்காங். அவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பதும் கூடப் போவதும் என் வேலையில் ஒரு பகுதி. ஒவ்வொரு சீசனிலும் ஆட்கள்தான் புதிது, தவறுகள் அதேதான். இதில் பலவற்றை ஆரம்பத்தில் நானும் செய்தவன் என்பதாலோ என்னவோ, பார்க்கும்போது கூடுதலாக எரிச்சல் வருகிறது.

பாஸ்போர்ட்டை ஹோட்டல் அறையில் விட்டுவிட்டு வருவது, கடைசி நிமிடத்தில் ஓடிவருவது இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும்.

தெரியாதவர்களுக்காகப் பாதையைப் பற்றிக் கொஞ்சம். பெய்ஜிங் மேற்கு நிலையத்தில் கிளம்பி ஷிஜியாஜுவாங், ஜெங்சோ, வூஹான், சாங்ஷா வழியாக குவாங்சோ தெற்கு வரை சுமார் 2,298 கி.மீ. இதில் வூஹான் – குவாங்சோ பகுதி 2009 டிசம்பரிலேயே திறந்துவிட்டது, பெய்ஜிங் வரை முழுப் பாதையும் 2012 டிசம்பர் 26 அன்று ஓடத் தொடங்கியது. குவாங்சோவுக்குத் தெற்கே ஷென்சென் வரை இருந்த பாதை 2018 செப்டம்பர் 23 முதல் ஹாங்காங்கின் மேற்கு கவ்லூன் வரை நீண்டது. அதிவேக வண்டிகளின் எண் ‘ஜி’ என்ற எழுத்தில் தொடங்கும். பெய்ஜிங்கிலிருந்து குவாங்சோவுக்கு வேகமான ‘ஜி’ வண்டியில் எட்டு மணி நேரம்கூட ஆகாது. நிறைய இடத்தில் நிற்கும் வண்டி என்றால் பத்து மணி நேரம் வரை போகும். இரண்டும் ‘ஜி’ என்றுதான் தொடங்கும், அதனால் புறப்படும் நேரத்தை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள், போய்ச் சேரும் நேரத்தையும் பாருங்கள்.

ஊர்ப் பெயரோடு ஒட்டியிருக்கும் திசை

குவாங்சோ, குவாங்சோ கிழக்கு, குவாங்சோ தெற்கு, குவாங்சோ பாய்யுன்: நான்கும் வேறு வேறு நிலையங்கள், வேறு வேறு மூலைகள். டிக்கெட்டில் இருப்பதை முழுசாக வாசியுங்கள்.

இனிஷியலும் அப்பா பெயரும்

சீன ரயில்வேயின் அதிகாரபூர்வ செயலி 12306. டிக்கெட் முழுக்க மின்னணு, கையில் காகிதம் எதுவும் கிடையாது. பாஸ்போர்ட்தான் டிக்கெட். அதனால் செயலியில் போடும் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் இருப்பது மாதிரியே, எழுத்து மாறாமல் இருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இங்கேதான் சிக்கல். ஒருவருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் கிடக்கும். இன்னொருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும். விசிட்டிங் கார்டில் ‘எஸ். குமார்’ என்று இருக்கிறதே என்று செயலியிலும் அப்படியே போட்டுவிட்டு, அப்புறம் சரிபார்ப்பு நிராகரிக்கப்பட்டது என்று என்னிடம் வந்து நிற்பார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்தால் அதைச் சரிபார்க்கக் கொஞ்சம் நேரம் எடுப்பார்கள். படம் பிடித்து அனுப்புவது எல்லாவற்றையும் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கண்காட்சி வாசலில் நின்றுகொண்டு நாளை காலை ரயிலுக்கு இன்று இரவு கணக்குத் தொடங்குகிறவர்கள்தான் கடைசியில் ஸ்டேஷன் கவுண்டர் வரிசையில் நிற்கிறார்கள்.

இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் செயலியில் பழைய எண் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாங்காங்கை இன்னொரு சீன ஊர் என்று நினைப்பது

மற்றதெல்லாம் காசோடு போகும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தோடு போகும். இது பயணத்தையே முடித்துவிடும். எத்தனை முறை சொன்னாலும் ஒவ்வொரு சீசனிலும் யாராவது ஒருவர் மாட்டுகிறார், எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரயிலைப் பொறுத்தவரை ஹாங்காங் கடைசி நிறுத்தம், அவ்வளவுதான். ஷென்செனின் ஃபூடியன் நிலையத்தில் ஏறினால் கால் மணி நேரத்தில் மேற்கு கவ்லூன். குவாங்சோ தெற்கிலிருந்தே நேர் வண்டி உண்டு, ஒரு மணி நேரம் ஆகும். ஏறும் இடத்தில் பையைச் சோதிப்பார்கள், பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டைத் தாண்டினால் உட்கார்ந்துவிடலாம். விசாவை யாரும் பார்ப்பதில்லை. ஹாங்காங் பக்கத்து 26 கி.மீ. முழுக்கச் சுரங்கம் என்பதால் எல்லை என்று ஒன்று கண்ணிலேயே படாது. குடியேற்றச் சோதனை இரண்டும், அதாவது சீனாவை விட்டு வெளியேறுவதும் ஹாங்காங்குக்குள் நுழைவதும், மேற்கு கவ்லூன் கட்டடத்துக்குள்ளேயே அடுத்தடுத்து நடந்துவிடும். அந்த நிலையத்தின் ஒரு பகுதியில் சீனப் பெருநிலத்தின் சட்டம்தான் செல்லும், 2018இல் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். கீழே ஒரு கவுண்டர், கொஞ்சம் தள்ளி இன்னொரு கவுண்டர். நடந்து போகிறவருக்கு ஏதோ மால் உள்ளே சுற்றுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் முதல் கவுண்டரில் முத்திரை விழுந்த நொடியில் ஒரே ஒரு முறை உள்ளே விடும் உங்கள் ஒற்றை நுழைவு சீன விசா செத்துவிட்டது.

கரூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார், வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி. திங்கட்கிழமை குவாங்சோவுக்குப் பக்கத்து ஊரான ஃபோஷானில் ஒரு மெஷின் பார்க்கப் போக வேண்டும், புதன்கிழமை குவாங்சோவிலிருந்து ஊருக்கு விமானம். ஞாயிறு சும்மா இருப்பானேன் என்று ஹாங்காங் கிளம்பிவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், தான் போன தடவை இப்படித்தான் காலையில் போய் சாயங்காலம் திரும்பியதாகச் சொன்னாராம். அவர் சொன்னது நிஜம்தான், ஆனால் அவரிடம் இருப்பது சிங்கப்பூர் பாஸ்போர்ட். அவர்கள் 2024 பிப்ரவரியிலிருந்து 30 நாள் வரை விசாவே இல்லாமல் சீனாவுக்குள் போகலாம், வரலாம். மலேசியக்காரர்களுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. வேறு நாட்டுக்குப் போகும் வழியில் 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே, அந்த நாடுகளின் பட்டியலிலும் இந்தியா இல்லை.

தம்பி விவரம் தெரியாதவர் இல்லை. ஹாங்காங்குக்குப் போகும் இந்தியர்கள் முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்துகொள்ள வேண்டும், 2017 ஜனவரியிலிருந்து அப்படி. அந்தச் சீட்டை எடுத்து, ஏ4 தாளில் அச்சடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். போனவுடன் உள்ளே விட்டுவிட்டார்கள். படகில் ஏறி, மலையுச்சிக்குப் போய், படமெல்லாம் குழுவில் போட்டார். எனக்குப் படத்தைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது.

சாயங்காலம் போன் வந்தது. “அண்ணா, ரிட்டர்ன் டிக்கெட் கையிலயே இருக்குதுங்க, ஆனா உள்ள விட மாட்டேங்கறாங்க.”

டிக்கெட் விற்பவருக்கும் விசாவுக்கும் சம்பந்தமே இல்லை என்பதை அந்த நேரத்தில் போனில் எப்படி விளக்குவது? 12306 பாஸ்போர்ட் எண்ணைத்தான் கேட்கும். விசா எத்தனை நுழைவு, மிச்சம் இருக்கிறதா என்று கேட்காது. டிக்கெட் கிடைத்துவிட்டது, அதனால் போகலாம் என்று அர்த்தமே இல்லை. அவருடைய துணிமணி, சாம்பிள் பை, மருந்து எல்லாம் குவாங்சோ ஹோட்டலில். ஹாங்காங்கிலேயே புது சீன விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் நாட்கள் ஆகும், அவரிடம் நாட்கள் இல்லை. ஃபோஷான் மெஷின் போயிற்று, குவாங்சோ விமான டிக்கெட் போயிற்று, ஹாங்காங்கிலிருந்து கடைசி நேர விலையில் வேறு டிக்கெட் வாங்கி ஊர் போய்ச் சேர்ந்தார். பையை எங்களோடு வந்த ஒருவர் தூக்கிக்கொண்டு போனார், அதற்கும் கூடுதல் எடைக்குக் காசு.

எனக்குக் கோபம் தம்பி மேல் இல்லை. விசா எடுத்துக் கொடுத்த ஏஜென்ட்டிடம் ஹாங்காங்கும் பார்ப்பேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். “அதுவும் சைனாதானே சார்” என்று சொல்லி ஒற்றை நுழைவுக்கே விண்ணப்பித்திருக்கிறார் அந்த ஆள். தேசப்படத்தில் சரிதான். விசாவில் சரியில்லை. மக்காவ் போனாலும் அதே கதைதான், ஜுஹாய் எல்லையைத் தாண்டினால் வெளியேறியதாகத்தான் கணக்கு.

இத்தனைக்கும் பார்க்க ஒரு நிமிடம் போதும். உங்கள் சீன விசாவில் நுழைவு எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கும். ‘01’ என்றால் ஒரே ஒரு முறை, ‘02’ என்றால் இரண்டு, ‘எம்’ என்றால் பல முறை. அதற்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதும் இருக்கிறது. ‘01’ உள்ளவர்கள் ஹாங்காங்கைப் பயணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வையுங்கள். முதலில் ஹாங்காங்கில் இறங்கி, சுற்றிவிட்டு, ரயிலில் குவாங்சோ வந்து அங்கிருந்து ஊருக்குக் கிளம்பலாம். இல்லாவிட்டால் எல்லா வேலையும் முடிந்தபின் மொத்த மூட்டையோடும் ரயிலேறி ஹாங்காங்கிலிருந்து ஊர் திரும்பலாம். நடுவில் மட்டும் வேண்டாம். விண்ணப்பிக்கும்போதே இரண்டு நுழைவு கேட்டு வாங்கினால் இந்தக் கணக்கே தேவையில்லை, அதை வாயைத் திறந்து நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மேற்கு கவ்லூனிலிருந்து வடக்கே திரும்பும்போதும் இரண்டு குடியேற்றச் சோதனையையும் தாண்டித்தான் வண்டி ஏற வேண்டும். குறைந்தது 45 நிமிடம் முன்னதாகக் கேட்டுக்குள் நுழையச் சொல்வார்கள், கூட்ட நாளில் நான் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்வேன்.

சாம்பிள் கத்தரிக்கோல்

ஸ்டேஷன் வாசலிலேயே பை ஸ்கேன் ஆகும். 60 மி.மீ.க்கு மேல் வெட்டுப் பகுதி உள்ள கத்தியோ கத்தரிக்கோலோ கையோடு கொண்டுபோக முடியாது. இது வீட்டுப் பழக்கத்தில் பழம் நறுக்கக் கத்தி கொண்டுவருகிறவர்களுக்கு மட்டும் இல்லை. கண்காட்சியில் தையல் கத்தரிக்கோல் சாம்பிள் வாங்கி அதைப் பையின் அடியில் போட்டு மறந்துவிட்டு, ஸ்கேனர் பெண்மணியிடம் ‘புதுசு, பிரிக்கவே இல்லை’ என்று சைகையில் வாதாடிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கத்தரிக்கோல் ரயிலேறவில்லை. 150 மி.லி.க்கு மேற்பட்ட ஸ்ப்ரே டப்பாக்களும் அப்படித்தான், பாடி ஸ்ப்ரே இல்லாமல் இருக்க முடியாதவர்கள் சின்ன டப்பாவாக வாங்குங்கள். இந்த மாதிரி சாம்பிள்களைக் கூரியரில் அனுப்பிவிடுவதே நல்லது.

பை எடைக்கும் வரம்பு உண்டு: 20 கிலோ, நீளம் அகலம் உயரம் மூன்றும் சேர்த்து 130 செ.மீ. எடை போட்டுப் பார்ப்பது அபூர்வம்தான். ஆனால் பெரிய சூட்கேஸ் வைக்க இடம் ரயில் பெட்டியின் கோடியில் கொஞ்சம்தான் இருக்கிறது, முதலில் ஏறியவர் வைத்துவிடுவார்.

புகை

கழிப்பறையில்கூட வேண்டாம். அலாரம் அடிக்கும், வண்டி வேகம் குறையும், போலீஸ் வரும், அபராதம் கட்டுவீர்கள்.

சைவம்

வண்டியில் விற்கும் சாப்பாட்டுப் பெட்டியை நம்ப வேண்டாம். ஒவ்வொரு ரயில் பெட்டியிலும் கொதிக்கும் வெந்நீர்க் குழாய் உண்டு, கப்பில் போடும் உப்புமா, அவல் எடுத்துப்போங்கள்.

ரயில் வேகத்தை வைத்து விமானத்துக்குக் கணக்கு போடுவது

மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் ஓடுவது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன்தான். குவாங்சோ தெற்கு இருப்பது பான்யூவில், ஊருக்குத் தெற்கே. பாய்யுன் விமான நிலையம் வடக்குக் கோடியில். மெட்ரோ இரண்டாம் தடத்தில் ஊரை முழுக்கக் கடந்து, ஜியாஹேவாங்காங்கில் மூன்றாம் தடத்துக்கு மாற வேண்டும். பெட்டியோடு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி நடக்கும் பாஜோவுக்குப் போகிறவர்கள் அதே இரண்டாம் தடத்தில் வந்து சாங்காங்கில் எட்டாம் தடத்துக்கு மாறலாம், அது பரவாயில்லை. பெய்ஜிங்கிலும் இந்தக் கணக்கு உண்டு: பெரும்பாலான குவாங்சோ வண்டிகள் வந்து நிற்பது பெய்ஜிங் மேற்கில், ஷாங்காய் வண்டி கிளம்புவது பெரும்பாலும் பெய்ஜிங் தெற்கில். இரண்டுக்கும் நடுவே நாற்பது நிமிடம் விட்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்த ஒரு குழுவோடு நான் ஓடியிருக்கிறேன், வண்டி போய்விட்டது.

வண்டி போனால் உடனே புது டிக்கெட் வாங்காதீர்கள். சீனாவுக்குள்ளேயே ஓடும் வண்டி என்றால், அதே நாளில் கிளம்பும் வேறு வண்டியில் இடம் இருந்தால் அதற்கு மாற்றித் தருவார்கள். இது தெரியாமல் இரண்டாவது முறை முழுக் காசு கொடுக்கிறவர்கள்தான் அதிகம்.

அக்டோபர் முதல் வாரம்

அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம், ஒரு வாரம் விடுமுறை. இலையுதிர் காலக் கண்காட்சி 15ஆம் தேதிதான் தொடங்குகிறது, அதனால் முன்னதாகவே வந்து சுற்றிப்பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் நேராக இந்தக் கூட்டத்தில் போய் விழுகிறார்கள். தொழிற்சாலையெல்லாம் பூட்டிக் கிடக்கும், ரயிலில் இடமும் இருக்காது. டிக்கெட் விற்பனை சுமார் 15 நாள் முன்பு திறக்கும், அந்த வாரத்துக்கு உரியது நல்ல வண்டிகளில் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். ‘இடம் இல்லா டிக்கெட்’ என்று ஒன்று விற்பார்கள், நின்றுகொண்டே போக வேண்டும், இரண்டாம் வகுப்புக்குக் கொடுக்கும் அதே காசுதான். குவாங்சோவிலிருந்து சாங்ஷா வரை சரி. பெய்ஜிங் வரை அப்படிப் போக நினைக்கிறவர்கள், 8ஆம் தேதிக்கு மேல் ஊரிலிருந்து கிளம்புங்கள்.