எலெக்ட்ரானிக் இசையைக் கேட்கப் பழகுவது எப்படி? ஆறு ஆல்பங்கள், ஆறு மாலைகள்

எலெக்ட்ரானிக் இசைப் பக்கம் புதிதாக வருபவரை முதலில் மிரட்டுவது பெயர்கள்தான். ஹவுஸ், டெக்னோ, ஆசிட், ஆம்பியன்ட், ஜங்கிள், டப்ஸ்டெப். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டுக் கேட்க உட்கார்ந்த ஆள் நான். இரண்டு மாதம் வீணாய்ப் போனது. அப்புறம்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. அநேகமாக ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கருவியோ ஒரு துண்டு ஒலிநாடாவோ இருக்கிறது. அதை யாரோ ஒருவர், செய்தவர்கள் நினைக்காத வகையில் பயன்படுத்தியிருக்கிறார். அந்தக் கதை தெரிந்தால் பெயர் தானாக மனதில் நிற்கும்.

ஒரு மாலைக்கு ஒரு ஆல்பம் போதும்.

தொடங்கும் முன்

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த இசையில் பாதி வேலை பேஸில், அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த ஒலியில் நடக்கிறது, ஃபோனில் அது வெளியே வரவே வராது. சாதாரண ஹெட்போன் போதும்.

அடுத்து, அடியை எண்ணப் பழகுங்கள். 15 விநாடியில் எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 30 அடி விழுந்தால் 120. பிபிஎம் என்று சொல்வது இதைத்தான். ஹவுஸ் பெரும்பாலும் 120 பக்கம் ஓடும், டப்ஸ்டெப் 140 பக்கம், ஜங்கிள் 160ஐத் தாண்டும். பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

முதல் மாலை: கிராஃப்ட்வெர்க், 'டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்' (1977)

ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்தில், கிளிங் கிளாங் என்ற சொந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்து இவர்கள் செய்தது இது. நேராகத் தலைப்புப் பாட்டுக்குப் போங்கள். அதுவும் அடுத்து வரும் 'மெட்டல் ஆன் மெட்டல்' பகுதியும் ஒரே ரயில் பயணம் போல ஓடும், 13 நிமிடத்துக்கு மேல். முதல் தடவை தாளத்தை மட்டும் கேளுங்கள், தண்டவாளச் சத்தம் தெரியும். இரண்டாம் தடவை மேலே போகும் மெட்டை மட்டும் கேளுங்கள்.

அந்த மெட்டைத்தான் 1982இல் நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டா 'பிளானட் ராக்' பாட்டில் எடுத்துக்கொண்டார். கீழே ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின், அதாவது டிரம் அடிகளைத் தானாக வாசிக்கும் பெட்டி. எலெக்ட்ரோ என்ற வகை அங்கிருந்து கிளம்பியது.

இரண்டாம் மாலை: சரண்ஜித் சிங், 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' (1982)

இந்த மாலைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

ரோலண்ட் நிறுவனம் 1981இல் டிபி-303 என்ற சிறு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தனியாக கிதார் வாசிப்பவருக்குத் துணையாக பேஸ் வாசிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் அதன் சத்தம் பேஸ் கிதார் போலவே இல்லை. யாரும் வாங்கவில்லை. 1984இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தவை பழைய பொருள் கடைகளுக்குப் போயின.

சிகாகோவில் ஃபியூச்சர் என்ற மூவர் குழுவின் கைக்கு அப்படி ஒன்று வந்தது. பெட்டி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, இவர்கள் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். குமிழ் திரும்பத் திரும்ப அந்த வரி மூடிய வாயில் முனகுவது போல ஆரம்பித்து, வாய் திறந்து கத்துவது போல ஆகிறது. சுரம் மாறவில்லை, குரல்தான் மாறுகிறது. 'ஆசிட் டிராக்ஸ்' என்று 1987இல் வந்த அந்தப் பதிவு பத்து நிமிடத்துக்கு மேல் இதையேதான் செய்கிறது. கிளப்பில் முதலில் போட்டபோது ஆடுகளமே காலியானது, அதே இரவில் நான்காம் முறை போட்டபோது கூட்டம் வெறி பிடித்து ஆடியது என்று குழுவைச் சேர்ந்த டிஜே பியர் சொல்வார். ஆசிட் ஹவுஸ் பிறந்த கதை இது.

இப்போது ஆல்பத்துக்கு வருவோம். இந்தித் திரையிசையில் கருவி வாசித்துவந்த சரண்ஜித் சிங், ஐந்து ஆண்டுகள் முன்பே மும்பையில் அதே 303ஐயும் 808ஐயும் பக்கத்தில் வைத்து, ஜூபிடர்-8 என்ற சின்தசைஸரில் (மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கீபோர்டு) பத்து ராகங்களை வாசித்திருக்கிறார். அப்போது அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபடி வெளியானபோதுதான் உலகம் காது கொடுத்தது. ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிகாகோக்காரர்கள் இதைக் கேட்டதற்கு எந்தச் சான்றும் கிடையாது. ஒரே பெட்டி இரண்டு ஊர்களில் இரண்டு பிள்ளைகளைப் பெற்றது, அவ்வளவுதான். 'ராக பைரவி'யில் தொடங்குங்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு 303 வழுக்கிப் போகும் இடங்களைக் கவனித்தால், அந்தப் பெட்டி அவருக்கு ஏன் பிடித்தது என்பது புரியும்.

மூன்றாம் மாலை: 'டெக்னோ! தி நியூ டான்ஸ் சவுண்ட் ஆஃப் டெட்ராய்ட்' (1988)

இது பலருடைய பதிவுகளின் தொகுப்பு, பிரிட்டனில் வெளியானது. டெட்ராய்ட் அருகே பெல்வில்லில் ஒன்றாகப் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் இதன் தூண்கள். 'ஹவுஸ் சவுண்ட் ஆஃப் டெட்ராய்ட்' என்றுதான் முதலில் பெயர் வைக்க இருந்தார்கள். அட்கின்ஸ் கொடுத்த பாட்டின் தலைப்பு 'டெக்னோ மியூசிக்'. தொகுப்பின் பெயர் மாறியது, ஒரு வகைக்கே பெயர் கிடைத்தது.

நான்காம் மாலை: பிரையன் ஈனோ, 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' (1978)

ஆம்பியன்ட் என்பது இதுதான். இன்று தாளம் இல்லை, ஆகவே எண்ணவும் வேண்டாம். அதற்குப் பதில் ஒரு சின்னப் பயிற்சி. இடது கையால் மூன்று எண்ணிக்கைக்கு ஒரு தட்டு, வலது கையால் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தட்டு. இரண்டும் 12இல் ஒன்றாக விழும், மறுபடி பிரியும். இப்போது '2/1' என்ற பகுதியைப் போடுங்கள். ஒரு குரல், ஒரே ஒரு சுரம், அது இரு முனையும் ஒட்டிய ஒரு ஒலிநாடாச் சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அப்படிப் பல சுற்றுகள். ஒன்று திரும்பி வர 23½ விநாடி, இன்னொன்றுக்கு ஏறத்தாழ 26, மற்றொன்றுக்கு ஏறத்தாழ 30. உங்கள் கைகள் 12இல் சந்தித்தன, இவை எளிதில் சந்திக்காது. அதனால்தான் சுற்றியது சுற்றினாலும் புதிதாகவே கேட்கிறது. சத்தத்தைக் குறைத்து வையுங்கள், தூக்கம் வந்தால் தூங்குங்கள். ஈனோ ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐந்தாம் மாலை: கோல்டி, 'டைம்லெஸ்' (1995)

முதலில் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' (1969) பாட்டைத் தேடி, நடுவில் டிரம் மட்டும் தனியாக வரும் ஆறேழு விநாடிகளைக் கேளுங்கள். வாசித்தவர் கிரெகரி கோல்மன். இந்தத் துண்டை வெட்டி, வேகப்படுத்தி, கலைத்து அடுக்கியே பிரிட்டனில் ஜங்கிள் வளர்ந்தது. கோல்மனுக்கு அதில் ஒரு காசுகூட வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

'டைம்லெஸ்' தலைப்புப் பாட்டு 21 நிமிடம். டிரம்மைத் துரத்தினால் தலை சுற்றும். பேஸைப் பிடியுங்கள், அது பாதி வேகத்தில் நிதானமாக நடக்கும்.

ஆறாம் மாலை: பரியல், 'அன்ட்ரூ' (2007)

டப்ஸ்டெப் தெற்கு லண்டனில், குராய்டன் பக்கம் முளைத்தது. பேஸும் எதிரொலியும் மேலோங்கும் ஜமைக்காவின் டப் இசை அதற்குப் பாட்டன் முறை. இந்த ஆல்பத்தை இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இசைத்தட்டு கரகரப்பதும் மழை பெய்வதும் வேண்டுமென்றே வைத்தவை. டிரம் அடி கட்டத்துக்குள் உட்காராமல் கொஞ்சம் முன்னேயும் பின்னேயும் விழும். ஹெட்போனில் கோளாறு இல்லை. அடிகளைக் கட்டம் போட்டு வரிசையாக அடுக்கித் தரும் சீக்வென்சர் எதையும் பரியல் தொடவில்லை, ஒலியைத் திருத்தும் சாதாரண மென்பொருளில் அலைவடிவத்தைப் பார்த்து, ஒவ்வொரு அடியையும் கண் அளவாகவே வைத்திருக்கிறார்.