'ஒரு கிலோ யுரேனியம் = 3000 டன் நிலக்கரி'னு ஷேர் பண்றதுக்கு முன்னாடி

இந்த ஃபார்வர்டு வாட்ஸ்அப்ல வருஷக்கணக்கா சுத்துது. கணக்கு பொய் இல்ல, ஆனா எந்த யுரேனியம்னு யாருமே போடறதில்ல, முதல் தப்பே அங்கதான். அந்த 3000 டன் சுத்தமான யுரேனியம்-235க்கு, அதுவும் ஒரு அணு விடாம எல்லாம் பிளந்தா வர்ற சுமார் 2.3 கோடி யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பத்துக்கு. தோண்டி எடுக்கற யுரேனியத்துல 235 வெறும் 0.7 சதவீதம், மீதி கிட்டத்தட்ட எல்லாம் சுலபமா பிளக்காத யுரேனியம்-238.

கல்பாக்கத்துல இருக்கற கனநீர் (கனமான ஹைட்ரஜன் இருக்கற தண்ணி) ரியாக்டர்ல இந்த இயற்கை யுரேனியத்த செறிவூட்டாம, அதாவது 235ஓட பங்க கூட்டாம, அப்படியே போடறாங்க, கிலோவுக்கு சுமார் 1.6 லட்சம் யூனிட் வெப்பம், அதாவது நல்ல நிலக்கரியா பாத்தா 20 டன் சொச்சம். 3000 எங்க, 20 எங்க! கூடங்குளத்துல போடறது 4 சதவீதம் பக்கம் செறிவூட்டினது, அதுல கிலோவுக்கு ஏறக்குறைய 10 லட்சம் யூனிட், 130 டன் நிலக்கரி அளவு.

உடனே அப்ப கூடங்குளம்தான் சிக்கனம்னு முடிவு கட்டிராதீங்க, இது ரெண்டாவது தப்பு, நல்லா படிச்சவங்களே இதுல மாட்டுவாங்க. அந்த ஒரு கிலோவ செறிவூட்ட 7, 8 கிலோ இயற்கை யுரேனியம் உள்ள போகுது, வகுத்துப் பாத்தா தோண்டின கிலோவுக்கு கல்பாக்கம் டைப்தான் கொஞ்சம் ஜாஸ்தி தருது. அணுவ பிளக்கறது நியூட்ரான், கனநீர் அத ரொம்ப முழுங்காது, அதான் காரணம்.

238 சும்மா பாரம்தானேன்னு ஒதுக்கறதும் சரியில்ல. அது நியூட்ரான வாங்கி புளுட்டோனியமா மாறி அதுவும் பிளக்குது, கூடங்குளம் மாதிரி ரியாக்டர்ல வர்ற வெப்பத்துல மூணுல ஒரு பங்கு கிட்ட அதோட உபயம்.

அப்புறம் ஈ=எம்சி ஸ்கொயர் போட்டு முழு கிலோவையும் ஆற்றலாக்கிடற ஆளுங்க இருக்காங்க. ஒரு கிலோ 235 முழுசா பிளந்தாலும் குறையற எடை ஒரு கிராம்கூட கிடையாது, மிச்சமெல்லாம் சீசியம், ஸ்ட்ரான்சியம்னு கழிவா அங்கயேதான் கிடக்கும்.

இன்னொண்ணு, யுரேனியத்துக்கு வெப்பத்த எடுத்துட்டு நிலக்கரிக்கு கரண்ட எடுத்து ஒப்பிடறது. மேல சொன்னதெல்லாம் வெப்பக் கணக்கு, கரண்டா வேணும்னா மூணால வகுத்துக்கணும். கூடங்குளத்துல ஒரு ரியாக்டர 3000 மெகாவாட்னும் போடுவாங்க 1000 மெகாவாட்னும் போடுவாங்க, ரெண்டும் சரிதான், முன்னது வெப்பம் பின்னது கரண்ட், மிச்ச 2000 கடல் தண்ணிய சூடாக்கத்தான் போகுது.