திரிபா, திரிப்பா? தவறாகக் காட்டப்பட்டதைச் சரியான சொல்லால் சொல்வது எப்படி

ஒரு மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லும்படி ஒருமுறை என்னிடம் கொடுத்திருந்தார்கள். மூலத்தில் ‘இல்லை’ என்று இருந்த ஓரிடம் தமிழில் ‘உண்டு’ என்று ஆகியிருந்தது. ஓரத்தில் ‘இது புரட்டு’ என்று கிறுக்கி அனுப்பிவிட்டேன். மறுநாள் மொழிபெயர்த்தவரிடமிருந்து ஃபோன். “கண் அசந்து விட்ட பிழைங்க அது. என்னைப் புரட்டுக்காரன்னு சொல்லிட்டீங்களே!” என்றார். எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. நான் போட்டிருக்க வேண்டிய சொல் ‘பிசகு’.

பொய், போலி, கட்டுக்கதை என்று கைக்கு வந்ததை எடுத்து வீசுகிற பழக்கம் அன்றோடு போயிற்று. இப்போது நான் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வழி இதுதான். புதிதாக எழுத வருகிறவர்கள் வரிசையாகவே செய்து பாருங்கள்.

படி 1: தானாக ஆனதா, யாராவது செய்ததா?

இதை முதலில் கேளுங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

பால் திரிகிறது. அதை யாரும் திரிக்கவில்லை, வெயிலோ புளிப்போ பட்டுத் தானாகக் கெட்டுப்போகிறது. ஆனால் கயிறு தானாகத் திரியாது. நாரைக் கையில் எடுத்து ஒருவர் முறுக்கினால்தான் உண்டு. வாய்க்கு வந்ததைச் சொல்கிறவனை ‘கயிறு திரிக்கிறான்’ என்று சொல்வதும் அதனால்தான். தன்வினையில் பிறந்தது திரிபு, பிறவினையில் பிறந்தது திரிப்பு. ஒரு ‘ப்’ கூடினால் ஓர் ஆள் உள்ளே வந்துவிடுகிறார். புரள், புரட்டு என்பதும் இதே கதை. நாக்குப் புரண்டால் பிழை, நாக்கைப் புரட்டினால் புரட்டு.

உலகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1569-ல் மெர்கேட்டர் என்ற நிலப்பட வரைஞர் வரைந்த முறையில் கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு பெரியது. ஆனால் மெர்கேட்டர் யாரையும் ஏமாற்றவில்லை. மாலுமிகள் திசைகாட்டியைப் பார்த்து ஒரே கோணத்தில் போகும் பாதை படத்தில் நேர்கோடாக வரவேண்டும் என்று வரைந்தார். உருண்டையைத் தாளில் விரித்தால் எங்காவது இழுபட்டே தீரும். ஆகவே இது திரிபு. இதையே ஒருவர் எடுத்துக்காட்டி, ‘பாருங்கள், இரண்டும் ஒரே அளவு’ என்று தெரிந்தே வாதாடினால் அது திரிப்பு.

பத்திரிகைகளில் ‘வரலாற்றுத் திரிபு’, ‘வரலாற்றுத் திரிப்பு’ இரண்டையும் கலந்தே எழுதுகிறார்கள். ‘திரிபுவாதம்’ வேறு, வேண்டுமென்றே செய்வதைக் குறித்தபடி அரசியல் எழுத்தில் நிலைத்துவிட்டது. அதைத் திருத்தப் போகாதீர்கள். நீங்கள் எழுதும்போது பிரித்து எழுதினால் போதும்.

படி 2: உண்மையை என்ன செய்தார்கள்?

செய்த ஆள் இருக்கிறார் என்று உறுதியானால், அவர் கை என்ன செய்தது என்று பாருங்கள்.

இல்லாததை உண்டாக்கினாரா? அப்படியானால் இட்டுக்கட்டல், புனைதல், ஜோடனை. இவற்றில் எனக்குப் பிடித்தது ஜோடனை. அலங்காரத்துக்கும் அதே சொல், பொய் வழக்குக்கும் அதே சொல். இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் 1917-ல் எல்சி ரைட், பிரான்சஸ் கிரிஃபித்ஸ் என்ற இரு சிறுமிகள், தேவதைகளோடு இருப்பதாகப் படம் எடுத்தார்கள். அட்டையில் வரைந்து வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசியால் செடிகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் வரை நம்பினார். 1983-ல்தான் அட்டை விஷயத்தை ஒப்புக்கொண்டார்கள். ஜோடனை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது.

இருந்ததையே நகர்த்தினாரா? நேஷனல் ஜியாக்ரஃபிக் 1982 பிப்ரவரி இதழின் அட்டையில் கீசா பிரமிடுகள் இருந்தன. படம் அகலமானது, அட்டையோ நெட்டையானது. கணினியில் பிரமிடுகளை நெருக்கிவைத்து அடக்கிவிட்டார்கள். இதைப் ‘போலிப் படம்’ என்றால் தவறு, பிரமிடும் உண்மை, ஒட்டகமும் உண்மை. இடைவெளிதான் பொய். திரிப்பு என்றே சொல்லலாம். ஒளிப்படக்காரர் சில அடி தள்ளி நின்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய காட்சிதானே என்ற ரீதியில் பின்னால் சொல்லப்பட்ட சமாதானத்துக்குத் தமிழில் தனிச் சொல் இருக்கிறது: சப்பைக்கட்டு.

ஊதிப் பெருக்கியிருந்தால் மிகைப்படுத்தல். பேச்சுவழக்கில் ‘கண், காது, மூக்கு வைத்துச் சொன்னான்’. பாட்டில் வந்தால் அதே காரியம் உயர்வு நவிற்சி அணி, கவிஞருக்குப் பாராட்டும் உண்டு! குறையை மறைத்து வழவழப்பாக்கியிருந்தால் பூசி மெழுகுதல். செய்தியையே வெளிவராமல் அமுக்கியிருந்தால் இருட்டடிப்பு. எல்லோருக்கும் தெரிந்ததை இல்லை என்று சாதித்தால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது.

படி 3: நோக்கத்தை ஏற்றியிருக்கிறார்களா?

இதுதான் கண்ணுக்கே தெரியாத வகை. பள்ளியில் படித்த தற்குறிப்பேற்ற அணியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. இளங்கோவடிகளுக்கு அது ‘வாரல்’, அதாவது வராதீர்கள், என்று கை காட்டுவதுபோல் இருக்கிறது. கொடி ஆடியது உண்மை. ‘வராதே’ என்பது கவிஞர் ஏற்றியது.

இனி இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

‘கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் கிளம்பினார்.’

‘கேள்விக்குப் பயந்து அவர் நழுவினார்.’

முதலாவது நடந்தது. இரண்டாவதில் பயமும் நழுவலும் எழுதியவர் கொடுத்தவை. அவருக்கு ரயிலுக்கு நேரமாகியிருக்கலாம். இரண்டாவதைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது, அவர் கிளம்பியது நிஜம்தானே. இப்படிப்பட்டதைப் பார்த்தால் ‘உள்நோக்கம் கற்பிக்கிறார்’ என்று எழுதுங்கள். பொய் சொன்னார் என்று எழுதிவிட்டால் வாதத்தில் நீங்கள்தான் தோற்பீர்கள்.

படி 4: சொல்லின் எடையைப் பாருங்கள்

ரீல், சரடு, புளுகு எல்லாம் நண்பர்களுக்குள். அலுவலகக் கடிதத்தில் ‘உண்மைக்குப் புறம்பானது’ போதும். ‘அவதூறு’ என்பது சட்டத்தில் குற்றமாகவே இருக்கும் சொல், கோபத்தில் எடுக்காதீர்கள். சித்தரிப்பு என்றாலே பொய் என்று நினைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், அது வெறும் வர்ணனைதான். ‘தவறாகச் சித்தரித்தார்’ என்று எழுதினால்தான் குற்றச்சாட்டு ஆகும். போலிக்கும் இரட்டை வாழ்க்கை. ஐந்து அஞ்சு ஆவதை இலக்கணம் முற்றுப்போலி என்கிறது, அதில் ஒரு களங்கமும் இல்லை. தெருவில் இறங்கினால்தான் போலி கெட்ட சொல்.

செய்து பார்ப்போம்

பல வருடம் முன்பு எடுத்த வெள்ளப் படம் ஒன்று, ‘இன்று காலை’ என்ற வாசகத்தோடு உங்களிடம் வருகிறது. என்ன எழுதுவீர்கள்?

யாரோ செய்ததா? வாசகத்தை முதலில் எழுதியவர் செய்தது. உங்களுக்கு அனுப்பியவர் நம்பித்தான் அனுப்பியிருப்பார், அவரை இதில் இழுக்கவேண்டாம். என்ன செய்தார்? படத்தைத் தொடவில்லை, ஆகவே போலி இல்லை. வெள்ளம் உண்மையில் வந்தது, ஆகவே இட்டுக்கட்டலும் இல்லை. தேதி மட்டும் மாறியிருக்கிறது. தெரிந்தே மாற்றினாரா? தெரியாது. எனவே திரிப்பு என்றும் அடித்துச் சொல்ல முடியாது. இப்படி எந்தச் சொல்லும் ஒட்டாதபோது நான் பெயர்ச்சொல் தேடுவதையே விட்டுவிடுவேன்: ‘பழைய படத்துக்கு இன்றைய தேதி போட்டிருக்கிறார்கள்.’