தடையின்றி வாசித்தும் பொருள் புரியாத மாணவர்கள்: என் அனுபவம்

இரண்டாம் மொழிப் பாடத்தை உரக்கத் தடையின்றி வாசித்த என் மாணவர்கள், வாசித்ததைச் சொந்தச் சொற்களில் கூறச் சொன்னால் வாயடைத்து நின்றார்கள். தெரியாத சொற்களை அடிக்கோடிடச் செய்தபோது காரணம் விளங்கியது: ஏறக்குறைய பத்துச் சொற்களுக்கு ஒன்று அவர்களுக்குப் புதிது. துணையின்றி ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று மொழி கற்றல் ஆய்வாளர்களான ஹூவும் நேஷனும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் கண்டிருப்பதால், நூறு சொற்களில் இரண்டுக்கு மேல் புதியவை இல்லாத எளிய நூல்களைத் தனி வாசிப்புக்குக் கொடுத்துவிட்டு, பாடநூலை வகுப்பில் என் துணையோடு மட்டுமே வாசிக்கச் செய்தேன். உரக்க வாசிப்பதை நான் நிறுத்தவில்லை (உச்சரிப்புக்கு அது வேண்டும்). மௌனமாக வாசித்துப் பொருள் பேசிய பிறகே அதற்கு இடம். பத்தி முடியும்வரை அகராதியைத் திறக்கக் கூடாது என்றதற்குச் சிறிது முணுமுணுப்பு எழுந்தது. நாளடைவில், பாடவரியை அப்படியே எடுத்து விடையாக எழுதும் வழக்கம் குறைந்து, சிலர் கதையின் முடிவை ஏற்க மறுத்து வாதிடவும் தொடங்கினார்கள்.