முதுகுவலி வேலையால் வந்ததுதான் என்று நிரூபித்த விதம்

சரக்கு இறக்கும் வேலையில் வந்த முதுகுவலிக்கு நான் கேட்ட இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதற்குக் காரணம் முதல் நாள் மருத்துவக் குறிப்பு. 'முதுகுவலி' என்று மட்டும் இருந்தது. எங்கே, எதைத் தூக்கும்போது வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. பிற்பாடு எழுதும் கடிதங்களைவிட அந்தக் குறிப்புக்குத்தான் எடை அதிகம். அதைத் திருத்தச் சொன்னால் சந்தேகம்தான் வளரும். ஆகவே மேற்பார்வையாளருக்கு அன்றே அனுப்பிய குறுஞ்செய்தி, வருகைப்பதிவு, சரக்கு இறக்கிய பட்டியல், பக்கத்தில் நின்றவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி மேல்முறையீட்டில் கொடுத்தேன்.

ஆனால் முடிவை மாற்றியது மருத்துவரின் கருத்துக் கடிதம். 'வேலையால் வந்திருக்கலாம்' என்று எழுதினால் போதாது. மூட்டையின் எடை, ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை குனிவது, எவ்வளவு உயரத்துக்குத் தூக்குவது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, ஸ்கேன் அறிக்கையோடு அவரிடம் கொடுத்தேன். வேலையே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று, மருத்துவ விளக்கத்தோடு எழுதினார். விளக்கம் இல்லாத கடிதம் எடுபடாது.

முதுகெலும்பில் பழைய தேய்மானம் இருந்தால் மறைக்காதீர்கள், ஸ்கேனில் தெரிந்துவிடும். இருந்த கோளாறை வேலை மோசமாக்கியிருந்தாலும் பல நாடுகளில் இழப்பீடு உண்டு. காயத்துக்கு முன் முழு வேலையும் செய்ய முடிந்தது என்பதற்குப் பழைய மருத்துவப் பதிவுகளே நல்ல சான்று.

மேல்முறையீட்டுக் கெடு பொதுவாக நிராகரிப்புக் கடிதத்திலேயே இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.