பிளாண்டேஷன் என்றால் வெறும் தோட்டமா?

பிளாண்டேஷன் என்பதைத் தமிழில் எழுதும்போது பலரும் 'தோட்டம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தேயிலை மலைகளில் வாழும் வால்பாறைக்காரரோ இலங்கையின் நுவரெலியாக்காரரோ 'தோட்டத்துல வேலை' என்று சொன்னால் குழப்பமில்லை. ஆனால் கோவைப் பக்கம் கிணற்றுப் பாசன நிலமே தோட்டம்தான். வேறு ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கத்திரிச்செடிகூடத் தோட்டம். பொது வாசகருக்கு எழுதும்போது 'பெருந்தோட்டம்' என்பதே தெளிவு. இலங்கையில் அரசு ஆவணங்கள்வரை அந்தச் சொல் வழங்குகிறது.

சரி, பெரிய நிலமெல்லாம் பெருந்தோட்டமா? இல்லை. 100 ஏக்கரில் நெல் விளைந்தாலும் அது வயல்தான். சந்தைக்கென்று ஒரே பயிரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து வளர்த்து, பலரை வேலைக்கு வைத்து நடத்துவதுதான் பெருந்தோட்டம். இந்தியாவின் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா (மலேரியா மருந்துக்கான மரம்) என்று பயிர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பின்னால் வந்து 2025 வரை நடப்பிலிருந்த திருத்தப்படி 5 ஹெக்டேர் நிலமும் 15 தொழிலாளர்களும் இருந்தால் அது சட்டத்துக்குள் வந்தது. வந்துவிட்டால் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் முதலாளியின் கடமையாக இருந்தது. கேரளத்தின் 1963 நிலச் சீர்திருத்தச் சட்டமோ பெருந்தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்தே விலக்கு கொடுத்தது. ஒரு நிலத்தை எந்தப் பெயரில் அழைக்கிறோம் என்பதில் இவ்வளவு அடங்கியிருக்கிறது.

தொழிலாளர்களைப் பற்றி எழுதும்போது நடக்கும் தவறுகள்தான் என்னை அதிகம் வருத்துகின்றன. 'தேயிலைக்காகத் தமிழர்களை இலங்கைக்குக் கொண்டுபோனார்கள்' என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். முதலில் கொண்டுபோனது காப்பிக்காக. 1869-இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அழித்த பிறகுதான் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. அதற்குள் காப்பித் தோட்டங்களில் பல்லாயிரம் பேர் உழைத்திருந்தார்கள். தேயிலையோடு கதையைத் தொடங்கினால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அப்புறம், 'கூலிகள்' என்று எழுதாதீர்கள். அது வெள்ளைக்காரத் துரைமார் வசையாகப் பயன்படுத்திய பெயர். 'மலையகத் தமிழர்' என்ற நல்ல பெயர் இருக்கிறது. 'தேயிலை அறுவடை' என்றும் அங்கே யாரும் சொல்வதில்லை. கொழுந்து பறிப்பார்கள், லயத்தில் (வரிசை வீடுகளில்) குடியிருப்பார்கள், காலையில் பெரட்டுக்கு (ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போவார்கள். ரப்பரில் பால் வெட்டுவார்கள். இந்தச் சொற்களை விட்டுவிட்டு எழுதினால் அந்த வாழ்க்கையே கட்டுரைக்குள் வராது.

பெருந்தோட்டத்தைக் காடு என்று எழுதுவது இன்னொரு பிழை. நீலகிரியில் சோலைக்காட்டையும் புல்வெளியையும் ஒட்டியே, நட்டு வளர்த்த யூகலிப்டஸும் சீகை (வாட்டில்) மரமும் நிற்கின்றன. தூரத்திலிருந்து எல்லாம் ஒரே பச்சை. இந்திய வன அளவீட்டிலும் 1 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் 10 சதவீதம் மரக்கவிகை (மேலிருந்து பார்த்தால் மரக்கிளைகள் மூடிய பரப்பு) இருந்தால் போதும், பழத்தோப்பும் காப்பித் தோட்டமும்கூட 'வனப்பரப்பு' கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே 'வனப்பரப்பு கூடியது' என்ற செய்தியை அப்படியே 'காடு பெருகியது' என்று மாற்றி எழுதக் கூடாது.

கடைசியாக, வரலாறு. 1609-இல் தொடங்கிய அல்ஸ்டர் பிளாண்டேஷன் எந்தப் பயிரையும் பற்றியதல்ல. அயர்லாந்தின் வடபகுதியில் நிலத்தைப் பறித்து ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக்காரர்களைக் குடியேற்றிய திட்டம் அது. அங்கே 'குடியேற்றம்' என்பதே சரி. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் முழுப்பெயரில் இருந்த 'பிராவிடன்ஸ் பிளாண்டேஷன்ஸ்' என்பதும் குடியேற்றம் என்ற பழைய பொருளில் வந்ததுதான். ஆனால் தென்மாநிலங்களின் பருத்தி, புகையிலைப் பெருந்தோட்டங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக வதைபட்ட பிறகு, அந்தச் சொல்லுக்கு அங்கே அடிமைமுறையின் நினைவே மிஞ்சியது. 2020-இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து அதைப் பெயரிலிருந்து நீக்கினார்கள். அந்தத் தென்மாநில பிளாண்டேஷனைத் தமிழில் 'பண்ணை' என்று மட்டும் எழுதாமல், 'அடிமை உழைப்பில் நடந்த பெருந்தோட்டம்' என்றே எழுதுங்கள்.