பிசிக்ஸை உவமையால விளக்கேக்க விடக்கூடாத பிழையள்

கரண்ட் எண்டால் பைப்பில தண்ணி ஓடுற மாதிரி எண்டுதான் எங்கட ஊரில எல்லாரும் படிச்சனாங்கள், நானும் சனத்துக்கு எழுதேக்க அதையே எடுத்தனான், ஆனா அந்த உவமை எதுவரைக்கும் இழுபடும் எங்க அறும் எண்டு சொல்லாமல் விட்டிட்டன், அதுதான் பெரிய பிழை.

வாசிக்கிற ஆள் என்ன நினைக்கும்? சுவிச்சைப் போட்டோண்ண இலத்திரன் வயருக்குள்ளால ஓடிப்போய் பல்ப்பில முட்டுது எண்டு. உண்மையில வீட்டு வயருக்குள்ள அதுகள் சராசரியா செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர்கூட நகராது, அதுவும் எங்கட கரண்ட் 50 ஹேட்ஸ், செக்கனுக்கு 50 தரம் முன்னும் பின்னுமா ஆடிக்கொண்டு நிக்கும். பிறகேன் லைற் உடன பத்துது? வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிற ஆக்களுக்கு இது சுகமா விளங்கும். காஞ்ச வாய்க்காலில தண்ணி கடைசிப் பாத்திக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும், ஆனா ஏற்கனவே நிரம்பி நிக்கிற ஹோஸ் எண்டால் பம்ப் போட்ட உடன மற்றப் பக்கத்தால வந்திடும், அது இப்ப கிணத்தில இருந்து வந்த தண்ணி இல்லை, ஹோசுக்குள்ள நிண்ட தண்ணி. வயரும் நிரம்பின ஹோஸ்தான். இதை ஒரு வரி சேர்த்தால் பழைய உவமையே காணும்.

அடுத்தது றப்பர் சீற். 1915இல ஐன்ஸ்ரைன் சொன்ன பொதுச் சார்பியலை, அதாவது பாரமான பொருள் இடத்தையும் நேரத்தையும் வளைக்கிறதுதான் ஈர்ப்பு எண்டதை விளக்க, இழுத்துக் கட்டின சீற்றில பாரமான குண்டை வைச்சுப் பக்கத்தில போளையை உருட்டுவினம். போளை ஏன் பள்ளத்துக்குள்ள போகுது? கீழ பூமி இழுக்கிறதால! ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்கியாச்சு. அதோட மாங்காய் மரத்தால விழுறதுக்குப் பெரும்பாலும் காரணம் நேரம் வளையிறதுதான், நிலத்துக்குக் கிட்ட மணிக்கூடு துளி மெதுவா ஓடும், சீற்றில அதுக்கு இடமே இல்லை.

2012இல சேர்ன் ஆய்வுகூடத்தில ஹிக்ஸ் துணிக்கையைக் கண்டுபிடிச்ச நேரம், எங்கும் பரவி நிக்கிற ஹிக்ஸ் புலத்தால அடிப்படைத் துணிக்கையளுக்கு எப்பிடித் திணிவு வருது எண்டு விளக்க ஸ்நோவுக்குள்ள நடக்கிற உவமை வந்தது, ஸ்நோவைக் காணாத ஆக்களுக்கு அதால என்ன பிரயோசனம்? சாட்டிக் கடற்கரை மணல் எண்டு மாத்தினாலும் பாதிதான் சரி. மணல் நடக்கிற ஆளை மறிக்கும், ஹிக்ஸ் புலம் ஒரே சீரா ஓடுற துணிக்கையை மறிக்காது, வேகத்தை மாத்தப் போனால்தான் திணிவு தெரியும்.

எழுதி முடிச்சால் பிசிக்ஸ் படிக்காத ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. என்ர கரண்ட் கட்டுரையை வாசிச்சுக் காட்டச் சின்னம்மா கேட்டிட்டு, "அப்ப வயரை வெட்டினால் கரண்ட் நிலத்தில ஊத்துமோ தம்பி?" எண்டா. ஊத்தாது சின்னம்மா, பைப் உடைஞ்சால் தண்ணி கொட்டும், வயர் அறுந்தால் ஓட்டம் அப்பிடியே நிண்டிடும் (ஆனா கை வைக்கப்படாது). இப்ப அந்தக் கட்டுரை அவவின்ர கேள்வியோடதான் தொடங்குது.